தாளிக்காத குழம்பு

கோவில்பட்டி மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் சுடலைச்செல்வி அந்தப் பேச்சைக் கேட்டாள்.

"நீ எந்தத் தெரு தாயி? வடக்குத் தெருவா? அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே," என்றாள் காய்க்கடை வெயிலம்மாள், தராசைத் தூக்கிப் பிடித்தபடி. "அங்கன ஒரு வளவுல ஒருத்தி, மில்லுக்கு வந்திருக்க வெள்ளக்காரனுக்குப் பொங்கிப் போடுதாளாமே. மாவக் காது காதா உருட்டி அவிச்சி, அதுக்குமேல ரத்தச் செவப்புல கறிக்கொழம்ப ஊத்துதாளாம். விடிஞ்சா அடைஞ்சா அந்தக் கொழம்பு அடுப்புலயே கெடந்து கொதிக்குமாம். அந்தக் கறியும் பூண்டும் கருகுன வாடையிலதான் வளவுக்காரர் மகளுக்கு அம்மை போட்டிருக்காம். என் கொழுந்தியா சொன்னா. அவகிட்டப் பூக்காரி சொன்னாளாம்."

சுடலைச்செல்வியின் கை தக்காளிக் குவியலுக்குள் அப்படியே நின்றது. அந்த ஒருத்தி அவள்தான்.

அந்தக் குழம்பில் கறி கருகாது, கருகினால் குழம்பே கசந்துபோகும் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்படியாவா? பச்சப்பிள்ளைக்கி ஒடம்பெல்லாம் முத்து முத்தாப் போட்டிருக்காம். அவ இன்னைக்கும் கூச்சமில்லாம தக்காளி வாங்க வந்திருப்பா, பாரு. ஒனக்கு எவ்வளவு போட?"

"காலு போதும்," என்றாள் சுடலைச்செல்வி. அவளுக்கு வேண்டியது மூன்று கிலோ. மீதியை மூன்று கடை தள்ளிப்போய், கொஞ்சம் கொஞ்சமாக, வெவ்வேறு ஆட்களிடம் வாங்கினாள்.

பேச்சில் பாதி உண்மை. வளவுக்காரர் அய்யாத்துரையின் மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு நேற்றுக் காலையில் நெற்றியில் இரண்டு முத்து தெரிந்தது. மத்தியானத்துக்குள் முதுகு, வயிறு என்று இறங்கிவிட்டது. வாசல் நிலையில் வேப்பங்குலை செருகியாயிற்று. அந்த ஊரில் அம்மை என்றால் அம்மாள் வீட்டுக்கு வந்து இறங்கியிருக்கிறாள் என்றே அர்த்தம். பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை அங்கே எண்ணெய்ச் சட்டி காயக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது, கறி மீன் ஆகாது, வெளியே தொட்டுவிட்டும் வரக்கூடாது, குரல் உயரக்கூடாது. வெளியாள் வேப்பிலையைத் தாண்டி உள்ளே கால் வைக்கக்கூடாது. வளவு என்பதோ ஒரே முற்றத்தைச் சுற்றி சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். அதனால் ஒரு வீட்டுக்கு வந்த அம்மை வளவு முழுவதற்கும் வந்தது போலத்தான்.

பொய்யான பாதி, அவள் குழம்பால் அம்மை வந்தது என்பது. பங்குனி பிறந்ததிலிருந்தே ஊரில் பாதித் தெருக்களில் வேப்பிலை தொங்குகிறது. அந்தத் தெருக்களிலெல்லாம் யார் வெள்ளைக்காரனுக்குக் குழம்பு வைத்தார்கள்? ஆனால் இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், கேட்டவள்தான் அந்த ஒருத்தி என்று தெரிந்துபோகும்.

காய்கறிப் பையோடு அவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். நாளை வெள்ளிக்கிழமை. நாளை மத்தியானச் சாப்பாடுதான் அவளுக்கு எல்லாம்.

கடம்பூர் ரோட்டில் இருக்கும் நூல் மில்லில் புதிய மெஷின்களைப் பூட்டுவதற்காக இத்தாலியிலிருந்து வந்திருந்தார் வித்தோ என்கிற எரெக்டர். வந்த புதிதில் கெஸ்ட்ஹவுஸ் சாம்பாரும் பொரியலும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாழைப்பழமும் ரொட்டியுமாகக் காலத்தை ஓட்டி, இடுப்பில் பேன்ட் நிற்காத நிலைக்கு வந்தார். மெஷின் பாதியில் நின்றுவிடுமோ என்று மேனேஜர் தங்கப்பாண்டியனுக்குப் பயம் வந்துவிட்டது. எட்டுப் பேரிடம் விசாரித்து, மெட்ராஸில் இத்தாலிக்காரர் வீட்டில் சமைத்தவள் ஒருத்தி வடக்குத் தெருவில் இருக்கிறாள் என்று கண்டுபிடித்தார். மில் முதலாளி குடும்பம் சுத்த சைவம். கெஸ்ட்ஹவுஸ் அடுப்படியில் முட்டை ஓடுகூட நுழையக்கூடாது. அதனால் சுடலைச்செல்வி வீட்டில் குழம்பு வைத்து, கேரியரில் கொடுத்துவிடுவாள். மாவு உருண்டைகளை மட்டும் வித்தோ அங்கேயே தன் கையால் வெந்நீரில் போட்டு எடுத்துக்கொள்வார். அவருடைய பாலாடைக்கட்டியும் ஆலிவ் எண்ணெய்ப் புட்டியும் ஆபீஸ் அலமாரியில் இருந்தன.

இப்போது இன்னும் மூன்று இத்தாலிக்காரர்கள் வரப்போகிறார்கள், இரண்டு வருஷ வேலை. அவர்களுக்கென்று கெஸ்ட்ஹவுஸுக்குப் பின்னால் தனிச் சமையல் ஷெட் போட்டாயிற்று, அடுப்புதான் இன்னும் வரவில்லை. அதை ஒட்டி, சமையல் ஆளுக்கு ஓர் அறை. அந்த வேலைக்கு மதுரையிலிருந்து ஹோட்டல் குக் ஒருத்தன் பெயரும் அடிபட்டது. வெள்ளிக்கிழமை வித்தோவின் பெரிய அதிகாரி வருகிறார். அவருக்கு அவள் குழம்பைப் போட்டுப் பார்த்து முடிவு செய்வது என்று ஏற்பாடு.

அந்த அறையை அவள் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது. ஆனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது.

முப்பத்தாறு வயதில் சுடலைச்செல்வி தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் தூங்கியது கிடையாது. பிறந்தது புதூர்ப் பக்கம், ஆட்டுக்கிடை போடும் குடும்பம். யாருடைய காட்டில் கிடை மறிக்கிறார்களோ அந்தக் கரிசலில் சாக்கை விரித்துப் படுக்கை. பத்து வயதில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. குச்சியைக் கட்டையில் அடுக்கினாள், லேபிள் ஒட்டினாள். இருபது வயதில் ஒரு கன்னியாஸ்திரி மூலமாக மெட்ராஸில் கிராசியம்மா என்கிற இத்தாலிக்காரி வீட்டு வேலைக்குப் போனாள். புருஷன் இன்ஜினியர், கிராசியம்மாவுக்கு அடுப்பே உலகம். வெங்காயம் நறுக்கிக் கொடுக்கப் போனவள் மூன்றாம் வருஷம் குழம்பு வைத்தாள், ஐந்தாம் வருஷம் கிராசியம்மா ஊருக்குப் போயிருந்தபோது விருந்தே ஆக்கினாள். அங்கேயும் படுக்கை அடுப்படித் தரையில்தான். அவர்கள் நாடு திரும்பியபின் கோவில்பட்டியில் தம்பி இசக்கிபாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தம்பிக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் ஒரே அறை, இவளுக்கு அடுப்படி. கல்யாணமாகாமல் வெள்ளைக்காரன் வீட்டில் பதினாலு வருஷம் இருந்தவள் என்று வளவில் ஒரு பேச்சு எப்போதும் தாழ்வாக ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் எடுக்கப் போனால் அது நிற்கும். குடத்தோடு திரும்பினால் மறுபடி தொடங்கும்.

பூத்தில் தங்கப்பாண்டியன் லைனில் வந்தார்.

"சார், நான் செல்வி பேசுதேன். நாளைக்கி ஒரு சின்ன கஷ்டம். எங்க வளவுல அம்மை போட்டிருக்கு. கறி ஆக்க முடியாது. ரெண்டு நாள் தள்ளி வச்சிக்கிடலாமா?"

"ஏம்மா, அவரு இத்தாலியில இருந்து வாராரு, இந்தா இருக்க இடைகாலுல இருந்தா வாராரு, தள்ளி வைக்கதுக்கு? கறியோ காயோ, எனக்குத் தெரியாது. தட்ட வழிச்சி நக்கணும், அவ்வளவுதான். நாளைக்குச் சாயங்காலம் ஒனக்கு முடிவச் சொல்லிருதேன். அந்தப் பக்கத்து வீட்டு பி.பி. நம்பர்தான?"

"சார், அந்த போன் இருக்க வீட்டுலதான் அம்மை..."

"போன் வழியா அம்மை ஒட்டாதும்மா," என்று சிரித்தார். "இங்க பாரு. பெரியவர ஏத்திவிட்டு நானும் ஆறரை மெட்ராஸ் வண்டியில போறேன். அதுக்கு முன்ன ஒரு தடவதான் போடுவேன். நீ சரின்னு சொன்னா திங்கக்கிழம வந்துரணும். நீ போன்ல கெடைக்கலன்னா மதுரைக்காரனுக்கு ஸ்டேஷன்லயே போன் போட்டுட்டு வண்டி ஏறிருவேன். என்ன?"

"சார், வேற நம்பர்..." என்பதற்குள் வைத்துவிட்டார். மறுபடி போட்டால் மீட்டிங் என்றார்கள். பூத்துக்காரனிடம், இங்கே வரச்சொல்லி நம்பர் கொடுக்கலாமா என்று கேட்டாள். "இன்கமிங் எடுத்தா நான் கடைய அடைச்சிட்டுப் போக வேண்டியதுதான்," என்றான் அவன்.

அய்யாத்துரை வளவு வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டி டிப்போ வைத்திருக்கிற ஆள், அதிர்ந்து பேசமாட்டார். அவள் விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"நான் வீட்டுல இருந்தேன்னா எடுத்து, வயரு எட்டுற வரைக்கும் வாசலுக்குக் கொண்டாந்து குடுத்துருதேன். நீ வெளிய நின்னு பேசிக்க. உள்ள மட்டும் வந்துராத செல்வி. அவ தூங்கி ரெண்டு நாளாச்சி. ஒரு நெதானத்துல இல்ல."

"சரிங்க அண்ணாச்சி."

அவள் என்பது அவர் பெண்டாட்டி பாலம்மாள். சுடலைச்செல்வி முற்றத்தைக் கடப்பதற்குள் கையில் வேப்பிலையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. இவள் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"இவ்வளவு தக்காளியா?"

"கறி கெடையாதுக்கா. எண்ணெயும் காயாது. சத்தியமா."

"ஒன் பொழப்புக்கு நான் குறுக்க நிக்கல. ராத்திரி பூரா பிள்ள காந்துது காந்துதுன்னு அழுதுச்சி. நான் விசிறிக்கிட்டே இருந்தேன்." குரலை உயர்த்தக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "ஊருல என்னமும் பேசுதாவ. நான் நம்பல. ஆனா இந்த நடைக்குள்ள ஒரு தாளிப்பு வாடை வந்து, என் பிள்ளைக்கி ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சின்னா, பொறவு நான் மனுஷியா இருக்க மாட்டேன். பாத்துக்க."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சுடலைச்செல்வி கரியடுப்பை முற்றத்து மூலையில் வைத்தாள். வேலிக்கருவைக் கரி புகையாமல் நின்று கனலும். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தது இதுதான்: தாளிக்கக் கூடாது, வதக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. ஆனால் சுடலாம், அவிக்கலாம், அரைக்கலாம். கிராசியம்மா குழம்புக்கு முதல் காரியம் எண்ணெய். இரண்டாவது, எண்ணெயில் வதங்கும் வெங்காயம். மூன்றாவது, அதில் சிவக்கும் கறி. மூன்றையும் தள்ளிவிட்டு அந்தக் கனத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

கத்தரிக்காய்களைத் தணலில் போட்டாள். தோல் கருகி, உள்ளே சதை குழைந்து, காம்புப் பக்கம் சாறு கொப்புளித்தது. தக்காளியைச் சுட்டாள். சின்ன வெங்காயத்தையும் முழுப் பூண்டையும் தோலோடு சாம்பலுக்குள் புதைத்தாள். மிளகாய் வத்தலைச் சுடவில்லை, நெடி ஏறும். வெந்நீரில் ஊறப்போட்டு அரைத்தாள். கறி தரும் கனத்துக்குத் தட்டப்பயறு. முந்தின நாளே ஊறவைத்து, மலர வேகவைத்து, பாதியை அம்மியில் மசித்து, பாதியை முழுசாக விட்டாள். எல்லாவற்றையும் மண்சட்டியில் கூட்டிச் சின்னத் தணலில் ஏற்றினாள். கோயில் தோட்டத்திலிருந்து பறித்து வந்த திருநீற்றுப்பச்சிலையைக் கடைசியில் கிள்ளிப்போட ஒதுக்கி வைத்தாள். கிராசியம்மா தன் நாட்டு இலை என்று கொண்டாடிய இலைக்கும் இதற்கும் மணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவள் மெட்ராஸிலேயே கண்டிருந்தாள். எண்ணெய்? வித்தோ தன் புட்டியிலிருந்து தட்டில் பச்சையாக ஊற்றிக்கொள்ளட்டும்.

தம்பி பெண்டாட்டி மாரிசெல்வி எதிரே உட்கார்ந்து காது செய்துகொண்டிருந்தாள். சம்பாக்கோதுமை ரவையைச் சன்னமாகத் திரித்து, வெந்நீர் விட்டுப் பிசைந்த மாவு. அதில் சுண்டைக்காய் அளவு கிள்ளி, சுளகின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால், வெளிப்பக்கம் சுளகின் வரியும் உள்பக்கம் குழியுமாக ஒரு காது கிடைக்கும். வரியில் குழம்பு ஒட்டும், குழியில் தேங்கும். மாரிசெல்விக்கு விரல் வேகம் அதிகம். அவளும் தீப்பெட்டி ஆபீஸில் வளர்ந்தவள்தான்.

"மைனி, இதுல எந்தக் காதுலயும் கம்மல் இல்லையே. வெள்ளக்காரன் மூளிக்காதவா திம்பான்?"

"மெதுவாப் பேசுட்டி. உள்ள பிள்ள கெடக்கு."

மாரிசெல்வி குரலைத் தாழ்த்தினாள். "கொழம்புக்கு எப்ப தாளிப்பிய?"

"தாளிக்கப் போறதில்ல. நேத்தே சொன்னேன்லா."

"கடைசியா ஒரு சொட்டுகூடவா? ரெண்டு கடுகு?"

"ஒரு கடுகும் கெடையாது."

மாரிசெல்வி சட்டியை எட்டிப் பார்த்தாள். எண்ணெய் மிதக்காத, மினுமினுப்பில்லாத, அடர்ந்த செம்பழுப்பு. அவள் முகம் சுருங்கியது. மறுபடி மாவைக் கிள்ளினாள்.

சாம்பலைக் கிளறிப் பூண்டை எடுத்தபோது மணம் குப்பென்று கிளம்பியது. அதே நிமிஷம் பாலம்மாள் வாசலில் நின்றாள்.

"என்னட்டி வாடை அது?"

"பூண்டு சுட்டேங்கா. எண்ணெய் இல்ல. வந்து பாருங்க."

பாலம்மாள் முற்றத்தில் இறங்கவில்லை. மூக்கை விடைத்து நின்றாள். உள்ளிருந்து பிள்ளையின் முனகல் கேட்டது. வேப்பிலைக் கொத்தை இந்தப் பக்கமாக இரண்டு வீசு வீசிவிட்டு உள்ளே போனாள். சுடலைச்செல்வி பூண்டுத் தோலையெல்லாம் அள்ளித் தண்ணீரில் அமுக்கினாள்.

பதினொரு மணிக்குக் குழம்பு இறங்கியது. உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்து நக்கிப் பார்த்தாள். புகையும் புளிப்பும் பயற்றின் மாவுத்தனமும் ஒன்றாகச் சேர்ந்து நாக்கில் உட்கார்ந்தன. கறி இல்லாததே தெரியவில்லை. அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொரு சொட்டு வைத்துப் பார்த்தாள். கேரியரின் அடித்தட்டில் குழம்பு, மேல் தட்டுகளில் ஈரத்துணி போர்த்திய காதுகள்.

இசக்கிபாண்டி மொபெட்டை எடுத்தான். பின்னால் மாரிசெல்வி கேரியரை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஆட்டாமப் போலே. சிந்திச்சின்னா என் தல போயிரும்," என்றாள் சுடலைச்செல்வி.

"யக்கா, நான் வண்டி ஓட்டினா கேரியர் தூங்கிரும்," என்றான் அவன்.

இரண்டு மணிக்கு மேல்தான் திரும்பி வந்தார்கள். சுடலைச்செல்வி வளவு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டாவளா? என்ன சொன்னாவ?"

"உள்ளயே விடலக்கா. பெரிய காரா வந்து நிக்கி. கேட்டுலயே வாட்ச்மேன் வாங்கிக்கிட்டான். நின்னு பாப்போம்னா வெரட்டுதான்." அவன் முகத்தைக் கழுவப் போய்விட்டான்.

மாரிசெல்வி மட்டும் போகவில்லை. முகத்தில் ஒரு பூரிப்பு. சுடலைச்செல்வியின் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துப்போனாள்.

"மைனி, நீங்க ஒண்ணும் வெசாரப்படாதீய. நான் எல்லாம் சரி பண்ணிட்டேன்."

"என்னத்தச் சரி பண்ணுன?"

"போற வழியில எங்கம்ம வீட்டுல எறங்கினேன். தெக்குத் தெருவுலதான் அம்மை இல்லையே, அங்கன என்ன தடை? நல்லெண்ணெய் காய வச்சி, கடுகு, உளுத்தம்பருப்பு, வத்தல், கருவேப்பில, ஒரு கட்டிப் பெருங்காயமும் பொரிச்சி, கேரியரத் தொறந்து கொழம்பு தலையில சடசடன்னு ஊத்தி மூடிட்டேன். தெருவே மணந்துச்சி. தாளிக்காத கொழம்ப விருந்தாளிக்கி யாராவது குடுத்துவிடுவாவளா மைனி? எழவு வீட்டுக்கும் நோய்க்காரருக்கும்லா அப்படி வைப்பாவ. மொத மொத வந்திருக்க பெரிய மனுஷனுக்குப் போயி... எனக்கு மனசே கேக்கல."

சுடலைச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மெட்ராஸில் சேர்ந்த புதிதில் ஒருநாள் தனக்கென்று ரசம் வைத்தபோது பெருங்காயம் பொரித்தாள். கிராசியம்மா படுக்கையறையிலிருந்து ஓடிவந்து, கேஸ் கசிகிறது என்று அலறி, வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். அந்தப் பெருங்காயத்தில் ஒரு கட்டி.

"எவ்வளவு பெரிய கட்டி?"

"இந்தா, புளியங்கொட்ட அளவு. ஏன் மைனி?"

"ஏன்னா கேக்க? ஏன்னு கேக்க?" அவள் குரல் எழும்பியது. உடனே முற்றத்தின் அந்தப் பக்கத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். மீதிச் சண்டை முழுவதும் மூச்சுக் குரலில்தான் நடந்தது.

"ஒன்ன யாரு கேட்டா? நான் ராத்திரி பூரா தூங்காம யோசிச்சி வச்ச கொழம்பு அது. அவிய நாக்குல கடுகு வெடிச்சா கல்லுன்னு நெனச்சித் துப்புவாவ. பெருங்காயம் அவியளுக்கு நாத்தம்ட்டி, நாத்தம்."

"பெருங்காயம் நாத்தமா?" மாரிசெல்வியால் நம்ப முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. "ஒங்களுக்கு நல்ல பேரு வரணும்னுதான் மைனி. நீங்க அந்த ரூமுக்குப் போயிட்டா இந்த அடுப்படியில நாங்க ஒரு தொட்டில் கட்டலாம்னு... எனக்கு மட்டும் ஆச இல்லையா? நானே கெடுப்பேனா?"

தொட்டில் என்ற சொல்லைச் சுடலைச்செல்வி இந்த வீட்டில் இதுவரை கேட்டதில்லை. மாரிசெல்வியின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முற்றத்துக்கு வந்து, அணைந்துகொண்டிருந்த கரியடுப்பின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

பெரியவர் முதல் வாய் எடுத்திருப்பார். முகம் சுளித்திருப்பார். அல்லது பசியில் ஒன்றும் பார்க்காமல் தின்றிருப்பாரோ? வித்தோ கேரியரைத் திறந்ததும் கண்டுபிடித்திருப்பார். அவர் மேலாக மிதந்ததை வழித்து எறிந்திருக்கலாம். எறியாமல், இது என்ன புதுசு என்று ருசி பார்த்திருக்கவும் கூடும். சுட்ட கத்தரிக்காய்க்கும் பெருங்காயத்துக்கும் ஆகாது என்று சொல்ல முடியுமா? அவள் நாக்கிலேயே இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஒருதரம் நன்றாக இருந்தது. மறுதரம் குமட்டியது.

மூன்று மணிக்கு அய்யாத்துரை டிப்போவிலிருந்து வந்தார். அவர் சைக்கிளைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. போன் வந்தால் எடுக்க ஆள் இருக்கிறது. நாலரைக்குள் கரிசல் காற்று கிளம்பி முற்றமெல்லாம் கறுப்புத் தூசி படிந்தது. அவள் தூசியைக்கூடத் தட்டாமல் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணி வாக்கில் உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதது. பாலம்மாளின் குரலும் கேட்டது. அய்யாத்துரை சட்டையைப் போட்டுக்கொண்டே அவசரமாக வெளியே வந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"காய்ச்சல் கூடிருச்சி. கோயில்ல போயித் தீர்த்தம் வாங்கிட்டு வரச் சொல்லுதா. பூசாரி அஞ்சரைக்கு நடை தொறப்பாரு."

"போன்..."

"ஓடியாந்துருதேன் செல்வி." சைக்கிளில் ஏறிவிட்டார்.

அவர் தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த வீட்டு வாசலுக்கு நேராக, இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டாள். திறந்த கதவு வழியாக முன்னறை தெரிந்தது. சின்ன ஸ்டூல்; அதன்மேல் பூப்போட்ட துணி; துணிமேல் சிவப்பு போன். உள்ளறைக்குத் திரை போட்டிருந்தது. பிள்ளையின் அழுகை மெல்லத் தேய்ந்து விக்கலாகி, விக்கலும் நின்றது. விசிறியின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்தது.

இசக்கிபாண்டி பின்னால் வந்து நின்றான். "யக்கா, நான் வேணா மில்லுக்குப் போயிப் பாக்கட்டா?"

"அவரு ஸ்டேஷனுக்குக் கெளம்பியிருப்பாருலே."

"ஸ்டேஷனுக்குப் போறேன்."

"எந்தப் பொட்டின்னு தேடுவ? சரி, போ. போயிப் பாரு. போ." மொபெட் இரண்டு தரம் இருமி, மூன்றாவது உதையில் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை விழித்துவிடுமோ என்று அவள் திரையைப் பார்த்தாள்.

மொபெட் சத்தம் தெருவில் அடங்குவதற்குள் போன் அடித்தது.

அப்படியோர் அமைதியில் அந்த மணி வெண்கலக் குடம் உருண்டது போல வளவு முழுக்க ஒலித்தது. மாரிசெல்வி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

"அக்கா," என்று கூப்பிட்டாள் சுடலைச்செல்வி. பிள்ளை விழிக்காதபடி மெதுவாகத்தான். "யக்கா, போன் அடிக்கி. எனக்குத்தான் இருக்கும். கொஞ்சம் எடுங்களேன்."

திரை அசையவில்லை. பாலம்மாள் தூங்கிவிட்டாளா, விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாளா என்று தெரியவில்லை.

"உள்ள போயி எடுங்க மைனி," என்று முதுகுப் பக்கம் மாரிசெல்வி முணுமுணுத்தாள். "நாலு எட்டுதான். எடுத்து ஒரு சரி சொல்லிட்டு வந்துருங்க."

"பிள்ளைக்கிக் காய்ச்சல் கூடியிருக்குட்டி."

"ஒருவேள நீங்க வேண்டாம்னு சொல்லத்தான் கூப்பிடுதாவளோ என்னமோ."

"அதுக்கும் எடுத்தாத்தான தெரியும்."

படியில் ஒரு காலை வைத்தாள். நிலையில் செருகிய வேப்பங்குலை வாடித் தொங்கி அவள் நெற்றியில் உரசியது. அந்தப் பக்கம் பெருக்கித் தெளித்த தரை; மஞ்சள் தண்ணீர் வைத்த செம்பு; ஸ்டூல்; போன். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு முகங்கள் தெரிந்தன.

"பாலக்கா," என்றாள் இன்னும் கொஞ்சம் பலமாக. "நான் உள்ள வரட்டா? நீங்க வான்னு சொன்னா வாரேன். இல்லன்னா நீங்களே எடுத்து, செல்வி சரின்னு சொல்லிட்டான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அக்கா, கேக்குதா?"

திரைக்குப் பின்னால் வளையல் ஒன்று குலுங்கியது. புரண்டு படுத்ததா, எழுந்து உட்கார்ந்ததா?

இன்னொரு காலை அவள் தூக்கவுமில்லை, படியிலிருந்த காலை எடுக்கவுமில்லை. இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்து நின்றாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.